நிறைகோலில் எழுதிய திருப்பெயர்

சைவ நன்மக்கள் எழுதத் தொடங்கும் எதற்கும் தலைப்பிற் 'சிவமயம்' எனப் பொறித்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். உறவினர்க்கு விடுக்கும் திருமுகமாயினும், மணவோலையாயினும், களத்து நெல்லைக் குறித்துவைக்கும் ஏடாயினும், கடையிற் பற்றுவரவு எழுதும் பேரேடாயினும், பிள்ளையார் சுழியும் அதனையடுத்து இறைவன் திருப்பெயரும் முதற்கண் அமைய, அதன்பின்னரே உலகியற் செய்தி தொடங்கும். இவ்வழக்கத்தை நாம் பெரிதும் போற்றுகின்றோம். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. தலைப்பில் நிற்கும் திருப்பெயர்க்கும் அதன்கீழ் வரும் வரிகட்கும் யாது தொடர்பு? மேலே 'சிவமயம்' என நிற்க, கீழே பத்து மூட்டை வந்தவிடத்து எட்டு மூட்டை என எழுதப்பட்டிருக்குமாயின், அவ்வேட்டில் அத்திருப்பெயர் வழிபடப்பட்டதோ, இகழப்பட்டதோ? இதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது உத்திரமேரூர். காஞ்சிமாநகர்க்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூர், பல்லவர் காலத்தே நான்மறையாளர் ஊராக அமைந்து, சோழர் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என வழங்கப்பெற்றது. கைலாசநாதர், சுப்பிரமணியர், சுந்தரவரதப் பெருமாள் ஆகியோர் திருக்கோயில்கள் அங்கு உள. எனினும் வெளியூரார் தேடி வருவது வைகுந்தப் பெருமாள் திருக்கோயிற் சுவரையே. முதற் பராந்தக சோழனது 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட இரு தீர்மானங்கள் அச்சுவரிற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டறிஞர் வெங்கய்யா அவர்கள் 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் இவற்றை விரித்தெழுதிய பின்னர், ஊராட்சி வரலாறு கூறுவார் எவரும் இவற்றைக் குறியாது விடுவதில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தில்லியிற் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் உத்திரமேரூர்க் கல்வெட்டு எடுத்துரைக்கப்பட்டது.

குடத்தில் ஓலையிட்டு வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையைப் பற்றிப் பலரும் பேசுவர். நாம் கருதுவது ஓலை குடத்தினுட் செல்வதற்கு முன்னர் நிகழ்ந்ததனை. எவர் பெயரை ஓலையில் எழுதலாம், எவர் பெயரை எழுதலாகாது என்பதே அச்சபையார் நெடிது சிந்தித்த செய்தி. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 921ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி, இறை செலுத்தும் நிலம் கால் வேலியேனும் உடையவனாய், தன் மனையில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவனாய், 35 அகவைக்கு மேல் 70 அகவைக்கு உட்பட்டவனாய், மறை ஓதி உணர்ந்தவனாய் இருப்பவன் பெயரே எழுதற்பாலது. இவையெல்லாம் புறத்தே அளந்தறியத் தக்கன. இவற்றோடு சபையார் அமைந்தாரில்லை. அர்த்த சௌசமும் ஆன்ம சௌசமும் உடையனாதல் வேண்டும் என்றனர். அர்த்த சௌசமாவது பொருள் வரும் வழி தூயதாதல். ஆன்ம சௌசமாவது உள்ளம் தூயதாதல். இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து ஓதியதுடன், பொருட்டூய்மையை முன்னும் உளத்தூய்மையைப் பின்னும் வைத்த முறை எம் கருத்தை ஈர்த்தது. உள்ளம் தூயது என்று எவனும் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளலாம்; கைக்கு வந்த பொருள் எவ்வழி வந்தது என்பதை அண்டை வீட்டான் அறிவான்.

இனி, விலக்கப்பட்டார் பட்டியலைக் காண்க. பெருந்தீவினை புரிந்தாரும், பிறர்பொருள் கவர்ந்தாரும், முரட்டுச் செயல் புரிவாரும் விலக்கப்பட்டனர். இஃது எவ்விடத்தும் எதிர்பார்க்கத் தக்கதே. ஆயின் அவர்களுக்கெல்லாம் முன்னர் வைத்துக் கூறப்பட்டவன் வேறொருவன்: முன்பு யாதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன். அவன்மட்டுமோ? அவன் தாயோடு உடன்பிறந்தார் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தான், தந்தையோடு உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மாமனார், மருமகன், தந்தை, மகன் எனச் சுற்றத்தார் பலரும் எண்ணி எண்ணி விலக்கப்பட்டனர். இக்காலத்தார் இதனைப் படித்து, ஒருவன் குற்றத்திற்குச் சுற்றம் முழுதையும் தண்டிப்பதா எனக் கேட்பர். அக்கேள்வி நேரியதே. எனினும் சபையாரின் அச்சம் வேறு. காட்டப்படாத கணக்கு தானே மறைந்துவிடுவதன்று. அதனை மறைத்துவைக்க அடுத்த ஆண்டு ஒருவன் வேண்டும். அவ்வொருவன் பெரும்பாலும் மைத்துனனாகவோ மருமகனாகவோ இருப்பான் என்பதனை அவர் பட்டறிந்தே எழுதினர் போலும்.

கணக்கு எழுதுவார்க்கு அவர் வகுத்த விதி இன்னும் நுட்பமானது. தூய வருவாயுடைய மத்தியத்தனே கணக்கு எழுதற்பாலன். எழுதியவன் தன் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்கட்குக் காட்டித் தூயன் எனப் பெறும்வரை, மீண்டும் அப்பணியிற் புகலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டல் வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்துவைத்தல் கூடாது. இவ்விறுதி விதியைப் படிக்குந்தோறும் சித்தாந்த நூல் பயின்றார்க்கு வினைக்கொள்கை நினைவிற்கு வரும். ஒருவன் ஈட்டிய வினையைப் பிறிதொருவன் நுகர்ந்து கழித்தல் இல்லை. செய்தவனையே அது சென்று பற்றும். பற்றுமாறு கூட்டுவோன் இறைவன். அறிவற்ற வினை தானே வந்து பற்றாது, உயிரும் தானே தன் வினையைத் தேடிக் கொள்ளாது. ஆதலின் கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்பர் நம் ஆசிரியர். உத்திரமேரூர்ச் சபையார் சித்தாந்த சாத்திரம் எழுந்த காலத்திற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முற்பட்டவர். மெய்கண்டாரைப் படித்து எழுதினாரல்லர். ஆயினும் கணக்கைப் பற்றிய அவர் உணர்ச்சியும் வினையைப் பற்றிய நம் கொள்கையும் ஒரே நிலத்தில் முளைத்தவை என்பது எம் துணிபு.

ஓலை எடுக்கும் நாளில் நிகழ்ந்ததனையும் சுருங்கக் கூறுவோம். இளையாரும் முதியாரும் உட்படச் சபை முழுதும் கூடியிருக்கும். அன்று ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் வந்து அமர்ந்திருப்பர். அவருள் மூத்தார் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணக் குடத்தை மேல்நோக்கி எடுத்து நிற்பர். உள்ளிருப்பது யாதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்து மத்தியத்தன் கையிற் கொடுப்பன். மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பன். அதன்பின் நம்பிமார் அனைவரும் வாசிப்பர். கடவுளைத் தொட்டு வழிபடும் கைகள் குடத்தைத் தாங்கின என்பது ஒன்று. அக்கைகளையும் நம்பிவிடாது ஐந்து விரலும் விரியட்டும் என்றது மற்றொன்று. நம்பிக்கை வேறு, சான்று வேறு என்பதனை அவர் அறிந்திருந்தனர். பணியிற் குற்றம் காணப்பட்டவனை அப்போதே நீக்குக எனவும் எழுதினர்.

அச்சபை நிலமுடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது. பெண்டிரும் ஏனைக் குடிகளும் அதில் இடம்பெற்றாரல்லர். இதனை மறைத்து அதனை இக்காலக் குடியாட்சி எனப் புகழ்வார் உளர். நாம் அவ்வாறு புகழவில்லை. அவர் தம்முள் ஒருவரையொருவர் எவ்வளவு உற்றுநோக்கினர் என்பதே நாம் கொள்ளற்பாலது. மேலும் பொருட்டூய்மை ஒரு குலத்தார்க்குரிய உடைமையன்று என்பதற்குக் குயவரும் வணிகரும் சான்றாக நிற்றலைப் பின்னர்க் காண்போம்.

இதுகாறும் கூறியது ஊர்ப்பொது வாழ்வு. தனியொருவன் கடையிலும் களத்திலும் இறைவன் பெயர் எவ்வாறு நின்றது எனின், அதற்கும் கல்வெட்டே விடை தரும். உத்திரமேரூர்த் தீர்மானங்கள் எழுந்து ஏறக்குறைய 90 ஆண்டு கழித்துத் தஞ்சையில் முதல் இராசராசன் எடுப்பித்த இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களைக் காண்க. ஆங்குப் பொன் நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். நெல் அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். மணி நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். ஆடவல்லான் என்பது தில்லைக் கூத்தப்பிரானைக் குறிக்கும் திருப்பெயர் என்பது கூற வேண்டா. அன்பர்காள், ஒருகணம் நின்று எண்ணுமின்! மாலையில் மணியோசை நடுவே கைகூப்பி அழைக்கும் பெயர், காலையில் நெற்குவியல் நடுவே வியர்வை வழிய நிற்கும் கூலியாளின் கையிலுள்ள மரக்காலுக்கும் பெயர். அம்மரக்காலின் அடியைச் சிறிது உட்குவியத் தட்டிக் குறைத்தவன் எதனைக் குறைத்தான்? நெல்லை அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாது 'லாபம்' எனத் தொடங்கும் வழக்கு இன்றும் பலவிடத்து உண்டு. அது தீயதன்று, மங்கலம் கருதியது. ஆயினும் லாபத்தின் பெயரால் அளக்கத் தொடங்குதற்கும் கூத்தன் பெயரால் அளப்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உளது என எமக்குத் தோன்றுகின்றது.

அளவைக்குத் திருப்பெயர் இடுதலின் உட்பொருளைச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் அமைத்துக் காட்டியிருத்தலைக் காணலாம். இக்காலக் காஞ்சிபுரம் மாவட்டத்தினுள் அமைந்த குன்றத்தூரிற் பிறந்த அப்பெருமான், திங்களூர் அப்பூதியடிகளை அறிமுகம் செய்யுங்கால், அவர் களவும் பொய்யும் காமமும் சினமும் முதலிய குற்றங்களைக் கடிந்தவர் என முதலிற் கூறுகின்றார். அதன்பின்னரே அவர் தம் மனையிலுள்ள அளவைகட்கும் நிறைகோலுக்கும் மக்கட்கும் பசுவிற்கும் எருமைக்கும் திருநாவுக்கரசர் என்னும் பெயரையே இட்டு வழங்கினார் என்கின்றார். அப்பர் பெருமானை அவர் அதுகாறும் கண்டதுமில்லை. கண்டிராத ஒருவர் பெயரை நிறைகோலுக்கு இட்டவர், அந்நிறைகோலைச் சாய்ப்பதெங்ஙனம்? களவும் பொய்யும் கடிந்தமை முன்னும், நிறைகோலுக்குப் பெயரிட்டமை பின்னும் நின்ற வைப்புமுறை தற்செயலன்று என்பது எம் கருத்து. களவு நீங்காத கை அப்பெயரைக் கோலில் எழுதற்கு உரியதன்று என்பதே அம்முறையாற் பெறப்படும்.

அப்பூதியார் வரலாற்றில் ஓரிடம் எம்மை நெடுநாள் மயக்கியதுண்டு. அப்பர் அமுது செய்தற்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறந்தான். அடியார் அமுதுசெய்தற்கு இடையூறாகும் என அஞ்சிப் பெற்றோர் உடலை மறைத்து வைத்து விருந்தை நடத்தினர். திருநீறு அளிக்குங்கால் மூத்த மகனை அழைமின் என அப்பர் கூற, அவன் இப்பொழுது இங்கு உதவான் என அப்பூதியார் விடையளித்தார். பொய் கடிந்தவர் செயல் இதுவாகலாமோ எனச் சிலர் வினவுவர். அவர் எவர் பொருளையும் கவர மறைத்தாரில்லை. தம் நெஞ்சைக் கிழிக்கும் துயரத்தைப் பிறர்க்காக விழுங்கினார். கூறிய சொல்லும் பொருளளவில் மெய்யே. மகன் உளன் என அவர் சொல்லவில்லை. இவ்விரண்டும் அவர்பாற் குற்றமின்மையை நிறுவப் போதியன. ஆயினும் கதை அங்கு முடிந்ததன்று. அச்சொல்லைக் கேட்ட அப்பர் திருவுள்ளம் அமைதியுறவில்லை. உண்மையை உரைமின் எனக் கேட்டறிந்த பின்னரே, பிள்ளையின் உடலைத் திருக்கோயில் முன்றிற்குக் கொணர்வித்துப் பதிகம் பாடி எழுப்பினார். மெய்யே ஆயினும் முழுமையாகாத சொல்லை அப்பெயர்க்கு உரியவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கணக்கில் வரி வரியாக மெய்யை எழுதி, ஒரு வரியை மட்டும் எழுதாது விடுவார் இவ்விடத்தைப் பலகாற் படித்தல் நன்று. நாமும் படிக்க வேண்டியவரே. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அமர்நீதி நாயனார் வரலாறு எல்லாரும் அறிந்தது, ஆதலின் சுருக்குகின்றோம். பழையாறையிற் பிறந்த வணிகர். திருநல்லூரில் மறையவர் வடிவில் வந்த இறைவன் அடைக்கலமாகக் கொடுத்த கோவணத்தை மறைந்துபோகச் செய்து, அதற்கு ஈடாக நிறை காட்டுக எனத் தட்டில் மற்றொரு கோவணத்தை வைத்தான். வணிகர் தம் செல்வமெல்லாம் ஏற்றியும் தட்டு நேர்நின்றதில்லை. அடைக்கலப் பொருள் மறைந்தமை என் பிழையன்று என ஒரு சொல் அவர் கூறவில்லை என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது. அறியாது போயிற்று, நான் என் செய்வேன் என்பது வணிகர் நாவில் எளிதில் எழும் விடை. அவர் அதனைக் கூறாது, திருநீற்றுத் தொண்டிற் பிழைத்திலமாயின் துலை நேர்நிற்க என மொழிந்து, அஞ்செழுத்தோதி மனைவி மைந்தரொடு தாமே தட்டில் ஏறினார். அஞ்செழுத்து அவர்க்குத் துலைத்தட்டின்மேல் ஓதற்குரியதாயிருந்தது.

தில்லையில் வாழ்ந்த குயவரோ இன்னும் அருமையானவர். அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்த அவர், திருநீலகண்டம் என்னும் பெயரை இடையறாது மொழிந்தமையின் அதுவே தம் பெயராகப் பெற்றவர். இளமையில் அவர் ஒழுக்கம் வழுவிப் பரத்தையிற் சென்று மீண்டார். மனைவியார் மானம் பொறாது, தம்மைத் தீண்டலாகாது எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அச்சொல் பன்மையில் அமைந்தமையின், ஏனைப் பெண்டிரையும் மனத்தாலும் தீண்டேன் என நாயனார் உறுதிகொண்டார். அன்றுதொட்டு ஒரு மனைக்கண், ஒரு கூரையின்கீழ், இருவரும் அயலறியாவண்ணம் வாழ்ந்து முதுமை எய்தினர். இதனிற் கருதத்தக்கது யாது? ஆணையிட்டவிடத்துச் சான்று எவரும் இல்லை. மீறியிருப்பின் கேட்பார் இல்லை. மனைவியார் சினம் தணிந்தபின் அதனை மறந்துவிடலாம் என இருவரும் உடன்பட்டிருப்பினும் உலகம் அறியாது. அங்குக் காவல் நின்றது அப்பெயர் ஒன்றே.

பின்னர்ச் சிவயோகியாராய் வந்த இறைவன் கொடுத்த திருவோடு மறைய, அவர்மேல் திருட்டுப்பழி வந்தது. மனைவியின் கைப்பற்றி நீரில் மூழ்கிச் சத்தியம் செய்க என்ற வழக்கும் எழுந்தது. ஒரு மூங்கிற்கோலின் இருதலையை இருவரும் பற்றி மூழ்க முற்பட்டனர். கையைப் பற்றாமைக்குக் காரணம் யாதென யோகியார் கேட்டபோது, அதுகாறும் மறைத்து வைத்திருந்த தம் இளமைப் பிழையை ஊரார் முன்னிலையில் தாமே எடுத்துக் கூறினார். ஓடு திருடாதவர் என மெய்ப்பித்தற்கு வேறு பொய் ஒன்று போதியதாயிருக்கும். அவர் அதனை நாடவில்லை. இக்காலத்து 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தின்படி, நீதிமன்றத்திற் சான்றுரைப்போர் கடவுளின் பெயரால் ஆணையிட்டுச் சொல்லலாம். அன்றி உளமார உறுதிகூறியும் சொல்லலாம். முதல் வழியைத் தெரிந்தெடுக்கும் சைவர், கூண்டில் ஏறுமுன் தில்லைக் குயவரை ஒருகால் நினைத்தல் தகும். நினைக்க இயலாதார் இரண்டாம் வழியைத் தெரிந்துகொள்வது நேர்மை.

ஈண்டு ஒரு தடை எழும். திருப்பெயர் தானே ஆற்றலுடையது. அறியாது தொட்டாலும் தீச் சுடுமாறுபோல, எவ்வாறு சொல்லினும் அது வினையை எரிக்கும். ஆகவே கணக்குப் பொய்யாயினும் தலைப்பிலுள்ள பெயர் காக்கும் என்பர் சிலர். மெய்ப்பொருள் நாயனார், புத்தகப் பையிற் படைக்கலம் மறைத்துவந்த முத்தநாதனது பொய்வேடத்தையும் வணங்கினாரன்றோ எனவும் காட்டுவர். திருப்பெயரின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. வேடத்தை வணங்கிய சிறப்பு மெய்ப்பொருளாரைச் சார்ந்தது. அதனால் முத்தநாதன் அடியார் வரிசையில் எண்ணப்பட்டானோ? இல்லையே. காண்பார்க்குத் திருவேடம் வணங்கத் தக்கது. புனைந்தார்க்கு அது பொறுப்பு. இரண்டும் ஒருங்கு நிற்பன.

இதனைத் திருவைந்தெழுத்தின் பொருளால் இன்னும் தெளியலாம். சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும் என்பது உமாபதி சிவாசாரியார் முதலிய ஆசிரியர் காட்டிய நெறி. உயிராகிய யகரம் இருபாலுக்கும் நடுவே நிற்கின்றது. ஒருபால் நகர மகரம். மற்றொருபால் சிகர வகரம். உயிரோ சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல்வது. இதனைச் சொற்பொழிவுகளில் நாம் கேட்டு மகிழ்கின்றோம். ஆயின் உயிர் எப்பொழுது எப்பாற் சார்கின்றது? பூசையறையில் மட்டுமோ? வாங்குபவள் முகத்தைத் திருப்பிக் குழந்தையைப் பார்க்கும் நொடியில், விற்பவன் விரல் தராசுத் தட்டின் விளிம்பைத் தொடலாம்; தொடாதும் இருக்கலாம். அந்நொடியில் யகரம் ஒருபாற் சாய்ந்துவிடுகின்றது. பூசையறையில் அன்று மாலை அவன் ஓதும் ஐந்தெழுத்து, பகலிற் சாய்ந்த அவ்விடத்திலிருந்தே தொடங்க வேண்டியதாகின்றது.

இக்காலத்துத் தராசு மின்னணுத் தராசாயிற்று. முள் போய் எண் வந்தது. எடையளவுகளை ஒழுங்குபடுத்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் உளது. அதன்படி தராசுக்கும் படிக்கற்கட்கும் அரசு முத்திரை வேண்டும். முத்திரை வேண்டுவது முறையே. நம்பிமார் கையிலும் குடம் எல்லாரும் காண உயர்த்தப்பட்டதனை முன்னர்க் கூறினோம். கடைத்தெருவில் முருகன் பெயரும் நடராசர் பெயரும் அம்மன் பெயரும் தாங்காத கடைப்பலகை அரிது. கடைக்காரர் பலர் நேர்மையாளர் என்பதும் எம் பட்டறிவு. ஒரு முறை, நாம் எண்ணாது கொடுத்த பணத்தில் மிகுதியிருந்த நூறு ரூபாயைத் தெருமுனைவரை ஓடிவந்து கொடுத்த மளிகைக் கடைச் சிறுவனை நாம் மறப்பதற்கில்லை. அவன் கடைப்பலகையில் எந்தத் தெய்வத்தின் பெயர் இருந்தது என்பதைக் கவனித்தோமில்லை.

இனி, எம் செய்தியைக் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன்னர் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற் சிவன் கோயில் திருப்பணிக்குப் பொருள் திரட்டிய குழுவில் நாமும் இருந்தோம். வரவு செலவு ஏட்டின் தலைப்பிற் 'சிவமயம்' என அழகிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. குடமுழுக்கு இனிது நிறைவேறியது. கணக்கைச் சரிபார்த்தவர் என்னுமிடத்துக் கையொப்பம் இடுமாறு நண்பர் ஒருவர் ஏட்டை நீட்ட, விழாக் களைப்பில், பக்கங்களைப் புரட்டாமலே ஒப்பமிட்டோம். பின்னர் இரண்டு சிவராத்திரி கழிந்தும் கணக்கு ஊரார்முன் வாசிக்கப்படவில்லை. அதுபற்றி நாமும் எண்ணவில்லை. ஒருநாள் கோயில் வாயிலிற் பூக்கட்டி விற்கும் முதிய அம்மையார், "ஐயா, கணக்கு எப்பப் படிப்பீங்க?" என்று கேட்டார். அவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தார். குறை கூறும் குரலில் அவர் கேட்கவில்லை. திருவிழா எப்பொழுது என்று கேட்பாரைப் போலவே கேட்டார்.

அன்றிரவு ஏட்டை வாங்கிவந்து முதன்முறையாக முழுதும் படித்தோம். மணலும் சிமெண்டும் வாங்கிய செலவில் இரண்டு வரிகட்குச் சீட்டு இல்லை. தொகை பெரிதன்று, ஆனால் எம் கையொப்பம் அதன்கீழ் இருந்தது. எழுதியவர் ஊரைவிட்டு நகரில் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தார். நாமே ஒருவாறு சரிசெய்து முடித்துவிடலாம், ஏன் முதியவரை வருத்துவது எனக் குழுவினர் சிலர் கூறினர். எமக்கும் அதுவே எளிதாகத் தோன்றியது. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரின் விதி நினைவில் வந்திராவிடின் அவ்வாறே செய்திருப்போம். எழுதியவர்க்குச் செய்தி விடுத்தோம். அவர் மறுவாரமே வந்தார். பிரதோட வழிபாடு முடிந்தபின் மண்டபத்தில் நின்று பதினான்கு பக்கத்தையும் தாமே வாசித்தார். ஓரிடத்திற் 'பூக்காரம்மாள், 500' என வந்தது. வாசிப்பை நிறுத்தி, "அம்மா, உங்க பேர் என்ன?" என வினவி, அவர் கூறிய பெயரை அவ்விடத்தே எழுதிக்கொண்டு மேலே வாசித்தார். அந்த இரண்டு வரி வந்தபோது, நினைவில்லை, சீட்டும் என்னிடம் இல்லை என்றார். சரிபாராது ஒப்பமிட்டவர் நாம் என எழுந்து நாமும் கூறினோம். அத்தொகையை அவரும் நாமும் பகுத்துக் கோயிலிற் செலுத்தினோம்.

மறுநாள் வரவையும் செலவையும் கோயில் வெளிச்சுவரில் எழுதுவித்தோம். அவ்விரண்டு வரியை விட்டுவிடலாமா என எழுத வந்தவர் கேட்டார். விடாது எழுதுமாறு கூறினோம்.